திரையின் மூலையில் பாப்பா

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில்தான் அவள் தன் மகளைப் பார்த்தாள்.

பஸ் டிரைவரின் மனைவி அவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. பிறவியிலேயே காது கேட்காது, அதனால் வாய்ப்பேச்சும் வரவில்லை. பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்தவளை டிரைவர் அடுத்த தெரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, நாற்காலியைச் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். சாய்ந்தபடி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

சுவர் முழுக்க டி.வி. திரையைப் படமெடுத்து ஒட்டியிருந்தார் டாக்டர். எல்லாமே அரைகுறைப் படங்கள். ஒன்றில் பாதிக் கடிகாரம், ஒன்றில் முகம் கோணிப்போன ஒரு பாடகர், மீதியெல்லாம் அலை சரியாகக் கிடைக்காமல் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறக்கிற திரை. அவற்றுள் ஒன்றில் செய்தி வாசிப்பவர் வெள்ளைத் தீற்றலாகக் கரைந்திருந்தார். ஆனால் திரையின் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள், செய்தியைக் கைமொழியில் சொல்கிற ஒரு பெண் நெஞ்சுக்கு நேரே கைகளைத் தூக்கியபடி நின்றாள்.

டிரைவரின் மனைவி எழுந்துபோய் அந்தப் படத்தைப் பிய்த்தெடுத்து, வெளியே உட்கார்ந்திருந்த கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். மறுகையின் ஒரு விரலைக் கன்னத்துக் குழியில் அழுத்தினாள். மகளுக்கு அவள் வைத்திருந்த கைப்பெயர் அது. வாய்ப்பெயர் பாப்பா.

டிரைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஊசி மயக்கமா உனக்கு? இதுல மூஞ்சியே தெரியல" என்று கைகளால் சொன்னார்.

"மூஞ்சிய யாரு பார்த்தா? தோளப் பாருங்க. இடது தோளத் தூக்கிக்கிட்டுப் பேசறது யாரு? நான்தானே அப்படிப் பேசுவேன்? என்கிட்ட கத்துக்கிட்ட கை அது."

ஈரக்கையோடு ஓடிவந்தார் டாக்டர். "அம்மா, கிழிச்சிடாதீங்க! கடல் தாண்டி வந்த படம் அது!"

கடல் தாண்டித்தான் பாப்பா போயிருந்தாள். எதிர்க்கரை நாட்டில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் வேலை கிடைத்துப் போனவள், அங்கேயே ஒருவனைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் செய்துகொண்டாள். "அடுத்த வருசம் ரெண்டு பேருமா வர்றோம்" என்று கடைசியாக அப்பாவிடம் போனில் சொன்னாள். அதற்குள் இரண்டு அரசாங்கங்களுக்கும் முட்டிக்கொண்டது. முதலில் கப்பல் நின்றது, பிறகு தபால், பிறகு போன், கணினி எல்லாம். டிரைவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: நிலைமை சீராகட்டும். ஆனைகள் சண்டை போட்டுக்கொள்கிற இடத்தில் புல்லின் நிலைமையை யார் கேட்கிறார்கள்?

டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் பல்லை மறந்துவிட்டார். கல்யாணம் ஆகாத மனிதர். தூரத்து ஒளிபரப்புகளை இழுத்துப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"நம்ம ஊர்ல எல்லாத்தையும் டிஜிட்டலா மாத்தறோம்னு பழைய ஒளிபரப்ப நிறுத்திட்டாங்கல்ல? அந்த அலைவரிசை இப்ப காலியா கிடக்கு. பக்கத்து வீட்டு ரேடியோவ அணைச்சதும் எங்கயோ யாரோ பாடறது கேக்கும்ல, அந்த மாதிரி. அந்தக் கரையில இன்னும் பழைய முறைதான். நல்லா வெயில் அடிச்சு, காத்து அசையாம, கடல் தட்டு மாதிரி கிடந்தா அங்க இருந்து வர்ற அலை தண்ணி மேலயே வழுக்கிக்கிட்டு நம்ம கரை வரைக்கும் வந்துடும்."

"தினமும் வருமா?" என்றார் டிரைவர்.

"தினமும் வந்தா நான் எதுக்குச் சுவர்ல ஒட்டப் போறேன்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரிண்ணே. நாம கூப்பிட்டா வராது. அதுக்கா தோணணும்."

டாக்டரே அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயும் கம்பியுமாக வந்து, மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே கடலைப் பார்த்து ஆன்டெனா நட்டார். பரணில் போட்டிருந்த பழைய டி.வி.யைத் தூசி தட்டி இறக்கினார்கள். நடுப்பகல் செய்தியில்தான் மூலைக்கட்டம் வரும் என்று டாக்டர் சொன்னதால், டிரைவர் விடியற்காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். அவளும் சலவைக்கூடத்திலிருந்து மதியத்துக்குள் ஓடிவந்துவிடுவாள். இருவரும் திரைக்கு எதிரே உட்கார்ந்து பூச்சி பறப்பதைப் பார்ப்பார்கள். டிரைவருக்கு இரைச்சல் வேறு. அவளுக்கு அது இல்லை.

ஒரு நாள், கொடியில் போட்ட துணி காயும்போதே மொரமொரத்துப் போகிற வெயிலில், பூச்சிகள் மெல்ல ஒதுங்கின. முதலில் ஒரு மேஜை விளிம்பு. பிறகு மூலைக்கட்டம். அதற்குள் பாப்பா.

சத்தம் வரவேயில்லை. வந்திருந்தாலும் அந்த நாட்டுப் பாஷை டிரைவருக்குத் தெரியாது. மகளின் வேகமான கைகளையும் அவரால் பிடிக்க முடியவில்லை. வீட்டுப் பேச்சளவுக்குத்தான் அவருக்குக் கைமொழி வரும். காது கேட்கிற மனிதர் அங்கே செவிடாக உட்கார்ந்திருந்தார். "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று மனைவியின் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாட்டுக் கைமொழி அவளுக்கும் முழுக்கப் புரியவில்லை. பாதி புரிந்தது. மீதியை மகளின் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டாள்.

"ரயில் டிக்கெட் விலை ஏறிடுச்சாம்" என்றாள், கண்ணீர் வழிய. "ஏதோ பாலம் இடிஞ்சு போச்சாம்."

டிரைவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நாலு வருசம் கழிச்சுப் பொண்ணு வந்து பாலம் இடிஞ்ச கதையச் சொல்லுது பாரு!"

பிறகு பாப்பா அவ்வப்போது வந்தாள். சில நாள் கைகள் மட்டும், சில நாள் தலையில்லாமல். வந்த நாளெல்லாம் அம்மா திரைக்கு முன் மண்டியிட்டு, மகளுக்குப் பதில் சொல்வாள். சாப்பிட்டியா, ஏன் இளைச்சுட்ட, அவன் உன்னை நல்லா வச்சிருக்கானா என்று கைகள் ஓடும். பாப்பா பாட்டுக்குக் கோதுமை விளைச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். டிரைவர் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். அந்தக் காட்சியை அவரால் பார்க்க முடியாது.

ஒரு நாள் அவள் சமையலறைக்குள் பாய்ந்துவந்து அவரைப் பிடித்து உலுக்கினாள். கையை வயிற்றின் மேல் வளைத்துக் காட்டினாள்.

"யாருக்கு?"

"யாருக்கா? நமக்கா இனிமே? தொளதொளன்னு சட்டை போட்டிருக்கா. கையை இறக்கறப்ப எல்லாம் வயித்து மேலயே வைக்கறா. மாசம் ஏழு இருக்கும்."

அன்றே சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய விரிப்புகளில் நைந்துபோகாத பகுதியாகக் கேட்டு வாங்கிவந்து, குழந்தைச் சட்டை தைக்க ஆரம்பித்தாள். எங்கே அனுப்பப்போகிறாள் என்று டிரைவர் கேட்கவில்லை.

அதற்குப் பின் வானம் மூடிக்கொண்டது. காற்றும் மழையுமாக நாட்கள் போயின. திரையில் ஒரு நிழல்கூட எழவில்லை. அந்த மழையில்தான் டாக்டர் குடையிருந்தும் நனைந்தபடி வந்து, உட்காராமல் நின்றார்.

"அண்ணே, அந்தக் கரையிலயும் மாத்தறாங்களாம். இந்த மாசக் கடைசியோட பழைய ஒளிபரப்பு நின்னுடும்."

"அப்ப டிஜிட்டல் பெட்டி ஒண்ணு வாங்கி வச்சா?"

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார். "பழையது தள்ளாடிக்கிட்டாவது வந்து சேரும். புதுசுக்கு அந்தப் பழக்கம் இல்லண்ணே. வந்தா முழுசா வரும், இல்லேன்னா ஒண்ணுமே இல்ல. அவ்வளவு தூரத்துக்கு ஒண்ணுமே இல்லதான்."

டிரைவர் அதை மனைவிக்குக் கைகளால் சொன்னார். அவள் யோசித்து, டாக்டரிடம் சொல்லச் சொன்னாள்: "எங்களுக்கு அரைகுறையே போதும்னு சொல்லுங்க. அத மட்டும் விட்டு வைக்கச் சொல்லுங்க." யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசி நெருங்கும்போது வானம் வெளுத்தது. கடல் மறுபடி அடங்கியது. அன்று சலவைக்கூடத்தில் இரட்டை வேலை, அவளால் வர முடியவில்லை. டிரைவர் தனியாக டி.வி.யைப் போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். நிமிர்ந்தபோது திரை முழுக்கப் பாப்பாவின் முகம்.

மூலையில் இல்லை. திரை முழுக்க. அசையாத ஒரு போட்டோ, சிரித்த முகம். கீழே அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் இரண்டு வரி. மூலைக்கட்டத்தில் வேறொரு பெண் நின்று கைகளை அசைத்தாள். அவள் இரண்டு கைகளையும் சேர்த்துக் கீழே இறக்கியதைப் பார்த்தார். அதற்குள் பூச்சிகள் மொய்த்துக்கொண்டன. டிரைவர் ஒரு காலில் பூட்ஸோடு மாடிக்கு ஓடினார், ஆன்டெனாவைத் திருப்பினார், மறுபடி ஓடிவந்தார். இரைச்சலைத் தவிர எதுவுமில்லை.

பல் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் அந்த நேரம் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார், பார்க்கவில்லை. அவரைப்போல் தூரத்து ஒளிபரப்பு பிடிக்கிற சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டார். யாருக்கும் கிடைக்கவில்லை.

"நல்ல செய்தியாவும் இருக்கலாம்ல?" என்றார் டிரைவர். "கொழந்த பொறந்திருக்கும். கூட வேலை செய்யறவங்க வாழ்த்துச் சொல்லியிருப்பாங்க. போட்டோ போட மாட்டாங்களா?"

"போடலாம்ணே" என்றார் டாக்டர். அவர் முகத்தைப் பார்த்ததும் டிரைவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் சொல்லவில்லை. அவள் சட்டைகளுக்குக் கழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது? வாயாலே பொய் சொல்லிவிடலாம். அவளிடம் வாய் செல்லாது, கையால்தான் பேச வேண்டும். அவர் கைக்குப் பொய் வராது என்பது அவளுக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே தெரியும். அதனால் அவர் பேச்சையே குறைத்தார். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார்.

ஒளிபரப்பு நிற்கிற நாளும் வந்தது. கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது. படம் அதுவரை வராத தெளிவோடு வந்தது. மூலைக்கட்டத்தில், போட்டோ வந்த நாளில் நின்ற அந்தப் புதுப் பெண்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பாப்பா லீவுல இருக்கா! பொறந்திருக்கும், இல்ல இந்த வாரத்துல பொறந்துடும்!" என்று கணவரின் பக்கம் திரும்பினாள்.

டிரைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அவள் அவருடைய தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்ன?"

ஒன்றுமில்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

"என்னன்னு கேக்கறேன்ல? கையைத் தூக்குங்க. சொல்லுங்க."

சொன்னார். போட்டோவை, இரண்டு வரி எழுத்தை, பூட்ஸோடு ஓடியதை. தப்பும் தவறுமாக, கைகள் ஒன்றோடொன்று மோதச் சொன்னார். அவள் இமைக்காமல் பார்த்தாள்.

"மூலையில அந்தப் பொண்ணு கைய எப்படி அசைச்சா?"

"கவனிக்கல. போட்டோவத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"ஒண்ணு கூடவா ஞாபகம் இல்ல?"

"ரெண்டு கையையும் சேத்துக் கீழ எறக்குனா. அவ்வளவுதான்."

"உள்ளங்கை மேல பார்த்துச்சா, கீழ பார்த்துச்சா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் அவருடைய இரு கைகளையும் பற்றி, உள்ளங்கை மேலே பார்க்க ஏந்தலாக வைத்து, வயிற்றுக்கு நேரே மெல்ல இறக்கினாள். பிள்ளை பிறந்தது என்றால் அப்படி. பிறகு அதே கைகளைக் கவிழ்த்து, எதையோ மூடுவதுபோல அதே இடத்துக்கு இறக்கினாள். அது என்னவென்று அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"இதுவா? இல்ல, இதுவா?"

"தெரியல."

மறுபடி நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். "கண்ண மூடிக்கிட்டு யோசிங்க. இதுவா?"

"பூச்சி பறந்துச்சும்மா. தெரியல. சத்தியமாத் தெரியல."

அந்த நாட்டில் அந்த இரண்டுக்கும் இதே அசைவுகள்தானா என்பதும் அவளுக்கு நிச்சயமில்லை. ஆனாலும் விடவில்லை. மாவு பிசைவதுபோல அவருடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டுமே அவர் கையில் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரு கட்டத்தில் டிரைவருக்கு இரைச்சல் மாறியது உறைத்தது. திரும்பினார். திரையில் வெறும் பூச்சிகள்தான் பறந்துகொண்டிருந்தன. கடைசி ஒளிபரப்பு எப்போது நின்றது என்பதை இருவருமே பார்க்கவில்லை.

அவள் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கைகளை அவர் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகும் இரண்டு கரைகளுக்கும் நடுவே கப்பல் விடவில்லை. டாக்டர் ஒரு டிஜிட்டல் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். அது தேடித் தேடி, எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டியது. தைத்த சட்டைகளை அவள் ஆஸ்பத்திரிப் பிரசவப் பகுதியில் கொடுத்துவிட்டாள். அதைச் செய்தபோது என்ன நினைத்துச் செய்தாள் என்று டிரைவர் கேட்கவில்லை. குழந்தை பிறந்திருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டார். அவளிடம் அதைச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை, அவளும் தன் எண்ணத்தைச் சொல்லவில்லை.

காலையில் அவர் பஸ் எடுக்கப் போவார், அவள் விரிப்புகளுக்கு இஸ்திரி போடப் போவாள். சாப்பாடு ஆயிற்றா, மழை வருமா, தண்ணீர் வந்ததா என்று தேவைக்கு மட்டும் கைகள் பேசின. மற்ற நேரமெல்லாம் அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.