நனைந்தால் சுருங்கும் முடி

ஒடெஸாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தலைமுடிக்கே சரியாகப் போய்விடும். சிக்கெடுத்து, அலசி, எண்ணெய் தடவி, முறுக்கி முறுக்கி விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். திங்கட்கிழமை காலையில் முறுக்கைப் பிரித்தால் முடி தோளைத் தொடும். அப்புறம் அடுத்த ஞாயிறுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டாள்.

பர்பாங்க் நகரத்தில் அவள் வேலை பார்க்கும் அனிமேஷன் ஸ்டுடியோவில், தெல்மா என்ற கறுப்பினக் கதாநாயகிக்குத் தன் முடியைப் போலவே கம்ப்யூட்டரில் சுருள் சுருளாகச் செய்து கொடுத்திருந்தாள். எட்டு மாத உழைப்பு.

அந்தத் திங்கட்கிழமை, இயக்குநர் மோரீன் காட்சிகளைத் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கூட்டம். அவள் ‘ஓகே’ என்றுவிட்டால் அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

திரையில் தெல்மா ஆற்றிலிருந்து எழுந்தாள். முடி இடுப்புவரை நேராக வழிந்தது. ஒடெஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது யாரு பண்ண வேல?"

"நான்தான்," என்றான் முடிப் பிரிவுத் தலைவன் கர்ட், பெருமையாக. "ஈரத்துக்குன்னு ஒரு பட்டன் இருக்குல்ல, தட்டினேன். நாலு படத்துல ஓடின பட்டன்."

"நாலு படத்துலயும் உன்ன மாதிரி நேர் முடிக்காரங்கதான! இந்த முடி நனைஞ்சா நீளாதுப்பா, சுருங்கும்."

"தண்ணிக்கு வெயிட் இருக்கு, ஒடெஸா. கீழ இழுக்கும். பிசிக்ஸ் தெரியாதா?"

முப்பத்தாறு வருடமாக அந்த முடியைச் சுமப்பவளுக்கு அவன் பாடம் எடுக்கிறான்! திமிருக்கும் ஓர் அளவு வேண்டாமா?

"எனக்கு அழகாத்தான் தெரியுது," என்றாள் மோரீன். "ஓகே சொல்லிரவா?"

"ரெண்டே நிமிஷம். வாயத் திறக்காதீங்க, மோரீன்."

காபி அறைக்கு விறுவிறுவென்று போனாள். குழாயைத் திறந்து தலையை நீட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் சாக்கடையில் போனது. இவன் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கூத்தே தேவையில்லை.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்து திரைக்கு முன்னால் நின்றாள். தோளில் கிடந்த முடி காதுக்கு மேலே ஏறி, இறுகிச் சுருண்டிருந்தது. கர்ட் எழுந்து வந்து தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான்.

"கைய வெச்ச, ஒடிச்சிருவேன். கண்ணு இருக்குல்ல, பாரு."

மோரீன் காட்சியை மாற்றிச் செய்யத் திருப்பி அனுப்பச் சொன்னாள். கர்ட் முணுமுணுத்தான்: "யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே," என்றாள் ஒடெஸா. "என் முடி சொன்னாத்தான் நம்புவ. நான் சொன்னா நம்ப மாட்ட."