ரக்கியா, பேஸ்ட், வாழைப்பழத் தோல்

லின்ஸ் நகரத்திலிருந்து மகன் ராஸ்த்கோ வருகிறான் என்றதும் என் வீட்டுக்காரர் திஹோமிர் செய்த முதல் காரியம், பரணிலிருந்து அவனுடைய பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கியது. அப்பனும் பிள்ளையும் ஒரு காலத்தில் அதில்தான் கால்பந்து ஆடுவார்கள். ஆஸ்திரியாவில் லாரி ஓட்டப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, "போனா அப்படியே போ" என்றார் இவர். அவனும் அப்படியே போனான். அதற்குப் பிறகு போன் செய்தால் என்னிடம்தான் பேசுவான்.

"வந்தா அவன்கிட்ட என்னத்தப் பேசறது, ரட்மிலா? இது ஓடுச்சுன்னா சேந்து உக்காரவாவது செய்வான்."

பெற்ற பிள்ளையிடம் பேச ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் தயவு வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த வீட்டில் கோபமும் எப்போதோ ஆறி அவலாகிவிட்டது.

பெட்டிக்கு உயிர் வந்தது. ஆனால் சி.டி. ஓடவில்லை. டி.வி. கறுப்பாகவே நின்றது.

அவன் வந்தது எங்கள் ஸ்லாவா அன்று, வீட்டுப் புனிதர் நிக்கோலஸின் திருநாளில். அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டாம், தானாக வருவார்கள். வீட்டுக்காரர் மட்டும் உட்காரக் கூடாது. விருந்தாளிகள் போகும்வரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும். இவருக்கு அது வசதியாகப் போயிற்று. மகன் ஒரு மூலையில் உட்கார்ந்தான், இவர் இன்னொரு மூலையில் நின்றார்.

"ரெண்டு பேரும் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்றார் ராஸ்த்கோவின் ஞானத்தகப்பன் விதோயே. பிறகு சி.டி.யை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரே கீறல். ரக்கியா விட்டுத் தொடைங்கடா. வயித்து வலிக்கும் அதான், இதுக்கும் அதான்."

அவரே அந்தப் பழச் சாராயத்தை ஊற்றித் துடைத்தார். ஓடவில்லை. மிச்ச ரக்கியாவைக் குடித்துவிட்டார்.

"பல் தேய்க்கிற பேஸ்ட் போடணும், மாமா," என்றான் ராஸ்த்கோ.

"வட்டமா தேய்க்காத. நடுவுலேர்ந்து வெளிய தேய்," என்றார் இவர், கையில் மீன் தட்டோடு.

"தெரியும்ப்பா. முன்னாடி வட்டமா தேச்சுக் கெடுத்தது யாரு?"

"நானா? எண்ணெய்க் கையோட தொட்டது நீடா!"

தட்டை என்னிடம் நீட்டிவிட்டு மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்கார்வதா? என் நாத்தனார் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பேஸ்ட்டும் பலிக்கவில்லை.

"வாழைப்பழத் தோல்ல தேச்சா சரியாகும்னு கூட வேலை பாக்கறவன் சொன்னான்."

"அங்க போய் இதத்தான் கத்துக்கிட்டியா?"

"வேற என்ன கத்துக்கிட்டேன்னு நீங்க கேட்டதே இல்லையே."

இவர் வாழைப்பழத்தை உரித்தார். "இப்பக் கேக்கறேன், சொல்லு."

தோலால் தேய்த்துக்கொண்டே அவன் சொன்னான். லாரியிலேயே தூங்கும் இரவுகள், முழங்கால் வலி, கூட இருந்துவிட்டுப் போய்விட்ட ஒருத்தி. என்னிடமே இதையெல்லாம் சொன்னதில்லை. இவர் சி.டி.யைப் பிடித்துக்கொண்டு, "ம்... அப்புறம்?" என்று கேட்டார். அன்று முழுக்க அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஸ்லாவா மெழுகுவர்த்தியைக்கூட மறந்து நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பெட்டியைத் தலைகீழா கவுத்துப் பாருங்களேன்," என்றார் விதோயே.

கவிழ்த்தார்கள். ஓடியது.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பனும் மகனும் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்துத் திரும்பினார்கள். அதோடு சரி. ஓர் ஆட்டம், இன்னோர் ஆட்டம். பொத்தான் சத்தம்தான் கேட்டது. முழங்கால் என்ன ஆயிற்று, அந்தப் பெண் யார், இவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இருட்டியதும், காலையில் லோடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

"நல்லா ஓடுச்சு, பாத்தியா?" என்று சிரித்துவிட்டு இவர் படுக்கப் போனார்.

நான் சி.டி.யை வெளியே எடுத்தேன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால், புதுக் கீறல் விழும்வரை அதை அழுத்தித் தேய்த்தேன். பிறகு அதைத் துடைத்து, உறையில் போட்டு, அடுத்த ஸ்லாவாவுக்குப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.