வெஸ்லியின் நீள நரம்பு

வெஸ்லி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய தூண்டிற்கோலை அவர் மனைவி லவோன் தம் கையாலேயே, அவருடைய பழைய தூண்டில் கூட்டாளி டெல்பர்ட்டின் வண்டியில் ஏற்றினார். நுனியில் தூண்டில் நரம்பும் முள்ளும் பூட்டியபடியே இருந்தன. நெஞ்சுவலி வருவதற்குச் சற்று முன் வெஸ்லி கட்டி வைத்தவை.

“இத அப்படியே சுவத்துல மாட்டி வச்சுக்கிறேன்” என்றார் டெல்பர்ட்.

“ஏன், எங்கிட்ட சுவரு இல்லையா? மீனு ஓடுற காலம் இது. கொண்டுபோய் வீசுங்க.”

டெல்பர்ட் வண்டியில் ஏறினார். அறுந்து போனால் அந்த முடிச்சுகளை மறுபடி கட்ட ஆளில்லை என்பதை ஒரு மனைவியிடம் எப்படிச் சொல்வது?

ஹாட்டெரஸ் கடல்முனையில் வடகிழக்குக் காற்று அலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. தோளோடு தோள் நின்று வீசும் வரிசையில், டெல்பர்ட்டுக்கும் அவருடைய இன்னொரு கூட்டாளி கர்ட்டிஸுக்கும் நடுவே மட்டும் வெஸ்லி நிற்கும் இடம் காலியாக இருந்தது. எவரும் அதில் வந்து நிற்கவில்லை.

“என்னப்பா, நரம்பு முழ நீளம் தொங்குது?” என்றார் கர்ட்டிஸ்.

“அவன் கட்டுனது.”

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் இடையே நான்கு விரற்கடை நரம்பு போதும், நீண்டால் மீன் முள்ளை விழுங்கிவிடும் என்பது டெல்பர்ட்டின் கட்சி. “நாலு விரக்கடையில எரையா மடவைத் துண்டக் கட்டுனா மீனு சிரிக்கும்டா” என்பது வெஸ்லியின் மறுமொழி. ஆண்டுதோறும் இவ்வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்ததில்லை.

டெல்பர்ட் வீசினார். நெடுநேரம் கழித்துக் கோல் வளைந்தது. கனத்த மீன், நீரோட்டத்தோடு பக்கவாட்டில் பாய்ந்தது. மீன் பட்டவன் அதன் பின்னே நடப்பான். அண்டை ஆள் தன் நரம்பைத் தூக்கி வழிவிடுவான். அதுதான் அந்தக் கரையின் முறை.

“வெஸ்லி, தூக்குடா! வெரசா!”

கூவிய பிறகே அவருக்கு உறைத்தது. கர்ட்டிஸ் தம் நரம்பைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினார். காலி இடத்தின் குறுக்கே டெல்பர்ட் நடந்து போனார்.

கரையேறியது பெரிய டிரம் மீன். சட்டப்படி கடலுக்கே திருப்பி விடவேண்டிய அளவு. வாயைத் திறந்து பார்த்தார். முள் கண்ணில் படவில்லை. நரம்பு தொண்டைக்குள் இறங்கியிருந்தது.

கர்ட்டிஸ் குறடுடன் வந்து மண்டியிட்டார். “இழுத்துப் பாக்கவா? அவன் கட்டுனதாச்சே.”

“இழுத்தா செத்துரும்.”

“ஆமா. செத்துரும்.”

டெல்பர்ட் கத்தியை எடுத்து, வாயோரமாக நரம்பை அறுத்தார். பின் மீனைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கி, அது வாலை உதறிப் போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது, கர்ட்டிஸ் கோலின் முனையைக் கையில் ஏந்தியிருந்தார். ஈயக்குண்டின் வளையத்தில் வெஸ்லியின் ஒரு முடிச்சு எஞ்சியிருந்தது. அதன் கீழே நான்கு விரற்கடை நரம்பு.

“நீ சொன்ன அளவுதான்” என்றார் கர்ட்டிஸ்.

வழக்கு டெல்பர்ட் பக்கம் தீர்ந்துவிட்டது. அதை யாரிடம் சொல்லிக்காட்ட வேண்டுமோ அந்த வெஸ்லியின் இடத்தில், டெல்பர்ட்டின் ஈரக் காலடிகளைத் தவிர வேறொன்றும் இல்லை; அவற்றையும் அடுத்த அலை எடுத்துக்கொண்டது.