பழைய விலைக்கு

ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகிய நிப்ராஸ், ஆவி முகத்தில் அடித்ததும் பின்னால் துள்ளி விழப்பார்த்து, மாமனாரைத் திட்டினான். மாமனார் அன்று சுபஹுத் தொழுகைக்குச் சற்று முன்புதான் மௌத்தாகியிருந்தார்.

காருக்குள் இருந்த ஷப்னாவுக்குக் கேட்டது. இறந்தவரின் மகளுக்குக் கேட்கட்டும் என்றுதான் அவள் புருஷன் நிப்ராஸ் சத்தமாகத் திட்டினான்.

“மௌத்தான மனுஷன பேசக் கூடாது,” என்றான், பேசிக்கொண்டே. “ஆனா அல்லாஹ்வுக்குத் தெரியும். மருமகனுக்கு விக்கிற எஞ்சினா இது?”

நானுஓயாவைத் தாண்டி, தலவாக்கலைக்குப் போகும் வழியில் ஓர் ஏற்றம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பாறையில் சொருகிய குழாயிலிருந்து விழும் பீலித் தண்ணீர். ராகலையிலிருந்து புறப்பட்ட கார் இதற்குள் பஸ்ஸைவிட அதிக இடங்களில் நின்றுவிட்டது. ஹட்டனில் நண்பகல் ளுஹர் தொழுகையோடு அடக்கம். அதற்குள் போனால் வாப்பாவின் முகத்தைப் பார்க்கலாம். பிந்தினால் இல்லை, அடக்கும் மையவாடிக்கு வீட்டுப் பெண்கள் போவதில்லை.

“பஸ்ஸுல போவோம்,” என்று நுவரெலியாவிலேயே அவள் சொல்லிப் பார்த்தாள்.

“ஹட்டன்ல ஊரே பாத்துட்டு நிக்கும். மூத்த மருமகன் பஸ்ஸுல வந்து எறங்குறதா?”

இப்போது மூத்த மருமகன் அவர்கள் வெற்றுப் போத்தலோடு பீலியடியில் குந்திக்கொண்டிருந்தார்.

ஷப்னாவின் வாப்பா மஃறூப் ஹாஜியார் ஹட்டனில் பழைய வாகனச் சாமான் கடை வைத்திருந்தவர். பள்ளத்தில் விழுந்த வேனோ, தவணை கட்டாமல் பறிபோன காரோ, அவருடைய முற்றத்துக்கு வந்துவிட்டால் பிரித்துப் போடப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ‘ஜப்பான்லேந்து நேத்துத்தான் வந்திச்சு’ ஆகிவிடும். நிப்ராஸின் குடும்பத்துக்கு ராகலையில் புடவைக்கடை. அங்கே சாயம் போகும் துணிக்கு ‘லைட் கலர்’ என்று பெயர். இரண்டு தரப்பும் தாங்கள்தான் மற்றவரை ஏமாற்றிவிட்டதாக நம்பி மகிழ்ந்த வியாபாரம் ஒன்று உண்டென்றால், அது ஷப்னாவின் கல்யாணம்.

பெற்றோல் விலை ஏறியபோது நிப்ராஸ் காரின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்ற முடிவு செய்தான். மாமனாரின் முற்றத்தில் இரண்டு இருந்தன. ஒன்று முன்னால், வெள்ளி வர்ணம் அடித்து, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. மற்றது பின்னால், தறப்பாளுக்கு அடியில், எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடந்தது. முன்னாலிருந்ததை ஓடவிடச் சொல்லி, ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, டொக்டர் மாதிரிக் கண்ணை மூடினான் நிப்ராஸ். அவன் வருமுன்னரே யாரோ அதை ஓடவைத்துச் சூடாக்கி, குளிரில் கிளப்பும்போது வரும் இருமலை மறைத்துவிட்டிருந்ததை டொக்டர் கவனிக்கவில்லை.

அப்போது ஹாஜியார் தன் வியாபார வாழ்க்கையில் நடக்காத ஒன்றைச் செய்தார். உண்மை சொன்னார்.

“மருமகன், இது ஒங்களுக்கு வாணாம். பின்னுக்கு ஈக்கிறத எடுங்க.”

பின்னாலிருந்ததன் கூடிய விலையைக் கேட்டதும் நிப்ராஸ் சிரித்தான். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் வியாபாரி எதற்கு அடி போடுகிறான் என்று புடவைக்கடையில் பிறந்தவனுக்குத் தெரியாதா? அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இவனுக்கு ஆசை கூடியது. வெள்ளி எஞ்சினையே பேசி, குறைத்து, வென்று, ஏற்றிக்கொண்டு போனான்.

“ஒன்ட மாப்புள என்ன நம்பல்ல,” என்று வாப்பா அன்று ஷப்னாவிடம் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நம்பாததும் சரிதான். அவர்ட எடத்துல நான் ஈந்தாலும் என்ன நம்பி ஈக்க மாட்டேன்,” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் மன்னிக்க முடிந்ததே இல்லை.

நிப்ராஸ் இப்போது கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பீலியடிப் பாறையில் சாய்த்துவிட்டு, போத்தலை மீண்டும் பீலியில் பிடித்தான். மறுமுனையில் ஷப்னாவின் அண்ணன், ரிஃகான் நானா.

“மச்சான், கார் நிண்டுட்டு. கொஞ்சம் பிந்தும். மையத்த எடுக்காம வச்சிட்டு ஈங்க.”

“ஏலா மச்சான். குளிப்பாட்டப் போறோம். ஜமாஅத்து ஆக்கள் காத்துட்டு நிக்க மாட்டாங்க. வேற வாகனம் ஏதாச்சும் புடிச்சி தங்கச்சிய அனுப்பிடுங்க.”

நிப்ராஸ் காரைப் பார்த்தான். அது ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“மச்சான்,” என்றான், குரலைத் தாழ்த்தி. “அந்த மத்த எஞ்சின் வித்திட்டீங்களா?”

ஷப்னா திரும்பிப் பார்த்தாள்.

“இல்ல. எத்தன பேர் வந்து கேட்டாங்க. வாப்பா குடுக்க உடல்ல. மருமகன் திரும்பி வருவாரு, அவருக்கு வச்சிரு எண்டாங்க…” ரிஃகானுக்குப் பின்னால் பெண்கள் யாசீன் ஓதும் சத்தமும் வாளியில் தண்ணீர் நிறையும் சத்தமும் கேட்டன.

நிப்ராஸின் போத்தல் நிரம்பி, கையில் வழிந்தது.

“அப்ப பழைய வெலதானே, மச்சான்?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு, “பழைய வெலக்கி எப்பிடி மச்சான்? டொலர் ஏறி ஈக்கே.”

ஹாஜியார் மௌத்தாகிவிட்டார் என்று யார் சொன்னது? கடை திறந்துதான் இருந்தது. ஷப்னா கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நடு ரோட்டில் போய் நின்றாள்.

லீக்ஸ் மரக்கறி மூட்டைகளோடு வந்த ஒரு சின்னப் பட்டா லொறி அவளுக்கு முன்னால் வந்து உறுமியபடி நின்றது.

“நீ போனா நான் எப்பிடி?” நிப்ராஸ் கத்தினான். “கார உட்டுட்டு வர ஏலாதே! பெட்டரிய கழட்டிட்டுப் போயிருவானுங்க!”

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“கெட்டியா சாத்துங்க தங்கச்சி,” என்றான் டிரைவர். நாற்பது வயதிருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. “எஞ்சின நிப்பாட்டாம ஏத்துறேன்னு கோவிச்சுக்காதீங்க. நிப்பாட்டுனா பொறகு தள்ளணும், செல்ஃப் மோட்டர் வேல செய்யல. எங்க போறீங்க?”

“ஹட்டன். ஒரு மௌத்து.”

“அடடா. சொந்தமா?”

“ம்.”

மாயாண்டி என்று பெயர் சொன்னான். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். தலவாக்கலை வருவதற்குள் மரியாதை தீர்ந்துவிட்டது.

“ஹட்டன்ல மஃறூப்புன்னு ஒரு மொதலாளி இருக்காரு, தெரியுமா? இந்த செல்ஃப் அந்தாளுகிட்ட வாங்குனது. ஜப்பான் சாமான்னாரு. ஜப்பான் எந்தப் பக்கம் இருக்குன்னு அந்தாளுக்கும் தெரியாது, இந்தச் சாமானுக்கும் தெரியாது. ஒரு மாசம் ஓடல. கொண்டுபோயி கேட்டா என்னா சொன்னாரு தெரியுங்களா? ‘நீ சாவி திருப்புற விதம் சரியில்ல’ங்கிறாரு!”

ஷப்னா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே குரல். அதே மனுஷன்.

“டீ குடுத்தாங்களா?” என்று கேட்டாள்.

“குடுத்தாரு! பிளேன்டீ, கருப்பட்டியோட. எம் புத்திய பாருங்க, அதக் குடிச்சிட்டு அவருகிட்டயே இன்னொரு சாமானும் வாங்கிட்டு வந்தேன். நல்லா இருப்பாரா அந்தாளு?”

கொட்டகலை வரைக்கும் அவன் அந்த ஆள் எப்படியெல்லாம் நன்றாக இருக்கக் கூடாது என்று விவரித்துக்கொண்டே வந்தான். அவளும் தடுக்கவில்லை. காலையிலிருந்து வாப்பாவைப் பற்றி விலை கலக்காமல் பேசியவன் அவன் ஒருவன்தான்.

ஹட்டன் டவுனுக்குள் நுழைந்ததும் முன்னால் போன பஸ் ஓரங்கட்டி நின்றது. எதிரே வெள்ளைத் தொப்பிகள் வீதியை நிறைத்து வந்தன. நடுவில், தோள்களின் மேல், பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டி.

மாயாண்டி ஜன்னலால் தலையை நீட்டி, ஓரமாக வந்தவரிடம் கேட்டான். “யாருங்க நானா?”

“மஃறூப் ஹாஜியார். சாமான் கடை. சுபஹுக்கு முந்தி மௌத்து.”

மாயாண்டி தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். சந்தூக்கைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தூக்கின் முன்னங்காலைத் தோளில் ஏந்தி வந்த ரிஃகான் அவளைக் காணாமலே கடந்துபோனான்.

மாயாண்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு கையை நீட்டி, சாவியைத் திருப்பி, எஞ்சினை நிறுத்தினான்.

லீக்ஸ் வாசனை லொறிக்குள் நிரம்பியது. செருப்புச் சத்தங்கள் மட்டும் அவளுடைய கதவை உரசிக்கொண்டு போயின. கடைசித் தொப்பியும் வளைவில் மறைந்தது. முன்னால் பஸ் கிளம்பிப் போனது. பின்னால் யாரோ ஹோன் அடித்தான்.

பழக்கத்தில் மாயாண்டி சாவியைத் திருப்பினான். ‘டக்’ என்றது. அவ்வளவுதான்.

“தங்கச்சி…” என்று தொடங்கினான். கதவைத் திறந்து, ஒரு கை ஸ்டீயரிங்கிலும் தோள் கதவுச் சட்டத்திலுமாக நின்றான். “நீங்க இருங்க. நான் பாத்துக்குறேன்.”

அவள் இறங்கி லொறியின் பின்பக்கம் போனாள். அபாயாவின் ஓரத்தைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள். மூட்டையிலிருந்து பிதுங்கிய லீக்ஸ் தாள்களுக்கு நடுவே பலகையில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள்.

லொறி அசையவில்லை. செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் குனிந்து தள்ளினாள்.