மாமி முற்றத்தில் வெளிறிய பூ

"கொப்பர் நல்ல கிழங்கை வைச்சுக்கொண்டு கழிச்சதை எனக்குத் தந்தவரோ? நீ கதைக்காத பிள்ளை, பொய்யும் சொல்லமாட்டாய்."

நாகேஸ்வரி மாமி என் தகப்பனைப் பற்றி இப்படிக் கேட்டபோது நான் நிலத்தைப் பார்த்தேன். கேள்வி கேட்டால் வாய் திறவாததால்தான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மாமி ஐயாவின் தங்கை. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு.

தெல்லிப்பழை மிஷனில் இருந்த வெள்ளைக்கார மிசியம்மா கொடுத்த லில்லிக் கிழங்கை ஐயா இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மாமிக்குக் கொடுத்திருந்தார். எங்கள் மாமர நிழலில் அது கருஞ்சிவப்பாகப் பூத்தது. மாமியின் மணல் முற்றத்தில் பழஞ்சீலைபோல வெளிறிப் பூத்தது. அக்கா பத்மாவதியை மாமியின் மகன் சோமசேகரத்துக்குப் பேசியிருந்தார்கள். பூ வெளிறியதோடு கலியாணப் பேச்சும் நின்றது.

"கிழங்கிலையே கழிச்சதைத் தந்தவர், பிள்ளையிலை என்னத்தைத் தருவார்?" என்று மாமி ஊரெல்லாம் கேட்டார்.

ஐயா கோபத்தில் எங்கள் கிழங்கை மாமிக்குக் கொடுத்து, மாமியினதை எங்கள் பக்கம் நட்டார். அடுத்த வருடமும் எங்கள் பக்கம் சிவப்பு, மாமி பக்கம் வெளிறல்.

"நான் கோயிலுக்குப் போன நேரம் திருப்பி மாத்திப்போட்டார்," என்றார் மாமி.

அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். எனக்குக் காரணம் தெரிந்தாலும் வாயால் விளக்க வராது. மாமியிடமே ஒரு கிழங்கு கேட்டு வாங்கிச் சட்டியில் நட்டேன். மாமி நம்பாமல் தன் கையாலே அதில் மஞ்சள் நூல் கட்டினார். அந்தப் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். தண்டிலே நாளுக்கொன்றாக விரியும். மொட்டு வந்ததும் ஒரு கிழமை, ஏழு நாளும், சட்டியை எங்கள் மாமரத்தடியில் வைத்தேன். அடுத்த கிழமை மாமி முற்றத்தில் வைத்தேன். நிழலில் விரிந்தவை கருஞ்சிவப்பு. வெயிலில் விரிந்தவை மத்தியானத்துக்குள் வெளிறின. மாமி தினமும் வந்து நூலைத் தடவிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டத்தோடு கலியாணத்துக்கு நாள் வைக்க வந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பிழை கிழங்கிலை இல்லை அண்ணை," என்றார் மாமி.

ஐயாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னனான். எல்லாம் நிலத்தின்ரை குணம். இந்த நிழலும் ஈரமும் உன்ரை பக்கத்திலை எங்கை கிடக்கு?"

"ஓம். இந்தக் காணியைப் பிரிச்சு அந்தப் பக்கத்தை எனக்குச் சீதனமாத் தந்தது ஆர்?"

"நான்தான்," என்றார் ஐயா பெருமையோடு.

மாமி மாமரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு தட்டத்தை எடுத்துக்கொண்டு, வேலிப் படலையைத் திறந்து, நாள் வைக்காமலே தன் மணல் முற்றத்துக்குப் போனார்.