வழுக்கை விழுந்த கோப்பை

அக்கா சூளையின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவது கோப்பையும் போச்சு. உடம்பெல்லாம் நீலப் பூச்சு கண்ணாடிபோலப் படிந்திருக்க, கைப்பிடியில் மட்டும் அது சுருண்டு ஒதுங்கியிருந்தது. அந்த இடங்களில் பழுப்பு மண் வழுக்கைத் தலையாகத் தெரிந்தது. அதே வாளிப் பூச்சில் முக்கி, அதே சூளையில் வெந்த கிண்ணங்களோ கல்யாண மாப்பிள்ளைகளைப்போல மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"தண்ணியிலதான் கோளாறு. நேத்து நெட்ல பார்த்தேன்" என்றார் வாசலில் நின்ற அவள் கணவர்.

"அதே தண்ணிதான் கிண்ணத்துக்கும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

முதல் கோப்பை கெட்டபோது தூசி என்று நினைத்தாள். அடுத்ததை ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவைத்தாள். அதுவும் கெட்டது, பூச்சு கனத்துவிட்டது என்று நினைத்தாள். மூன்றாவதற்குப் பூச்சை நீர்க்கக் கரைத்தாள், சூளையை மெதுவாக ஏற்றினாள். இனி சந்தேகப்பட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. நாளும் இல்லை. திங்கட்கிழமை தம்பி அச்சகத்துக்குத் திரும்புகிறான்.

காகிதம் வெட்டும் இயந்திரம் அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோயிருந்தது. காயம் ஆறியதும் ஒருநாள் வேலைக்குப் போனான். தேநீர் இடைவேளையில் கோப்பை வழுக்கி விழ, ஆளுக்கொரு துணியோடு ஓடிவந்து துடைத்தார்களாம். மறுநாளிலிருந்து வீட்டோடு இருந்துவிட்டான். அந்தக் கைக்கென்றே ஒரு கோப்பை செய்து தருகிறேன் என்று அக்கா சொன்ன பிறகுதான் திங்கட்கிழமைக்கு ஒத்துக்கொண்டான். ஒவ்வொரு கோப்பையும் முதல் சூடு கண்டு, பூச்சு ஏறுவதற்கு முன் இளஞ்சிவப்பாக இருக்கும்போது அவன்தான் வந்து பிடித்துப் பார்த்து அளவு சரியா என்று சொல்வான்.

முதல் இரண்டையும் கண்ட கோபத்திலேயே தொட்டியில் போட்டு உடைத்திருந்தாள். இதையும் உடைக்கத்தான் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள். கை அப்படியே நின்றது. கட்டைவிரல் ஒரு வழுக்கையின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் இரண்டின்மேல். மீதி இரண்டு விரல்களுக்கடியில் பூச்சு வழவழவென்று இருந்தது.

தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். "என்னக்கா, இதுக்கும் முடி கொட்டிடுச்சா?"

"வாயை மூடு. கையைக் கொடு." மோந்து பார்த்தாள். "எண்ணெய் தேய்ச்சியா?"

"தேய்க்காம? தழும்பு இறுகிடும்னு அந்த பிசியோ அம்மா உயிரை எடுக்குறாங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி எப்பவும் நல்லாத் தேய்ச்சுட்டுத்தான் வருவேன். விரல் மடங்கினாத்தானே உனக்குச் சரியா அளவு சொல்ல முடியும்?"

அவள் கோப்பையைத் திருப்பி வழுக்கைகளைப் பார்த்தாள். முதல் சூடு மட்டும் கண்ட கோப்பை எண்ணெயைக் குடித்துவிட்டால் அங்கே பூச்சு ஒட்டாது, பஞ்சால் துடைத்து என்ன பயன்? இது தெரியாதவளா அவள்! கிண்ணங்களைத் தொடும் முன் தான் கை கழுவுகிறவள், அவனைக் கழுவச் சொல்ல மட்டும் தோன்றவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், வெளிப் பொருள் ஏதோ..." என்று தொடங்கினார் கணவர்.

"நீங்க தண்ணின்னு சொன்னீங்க." தம்பியிடம் திரும்பினாள். "திங்கட்கிழமைக்குள்ள இன்னொண்ணு காயாதுடா. என்னால முடியல."

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய் நிரப்பினான். தூக்கினான். பின்னாலேயே வந்த அக்கா பழக்கத்தில் அடியில் கையை ஏந்தினாள்.

"கையை எடுக்கா."

கோப்பை நின்றது. சாய்த்தான், குடித்தான், மறுபடி தூக்கினான். "சொரசொரன்னு இருக்குல்ல, அதான் பிடிக்குது. மாமா, பாருங்க, ஆடவே இல்ல."

"அசிங்கமா இருக்குடா. தொழில் தெரிஞ்சவ எவளாவது பார்த்தா என்ன நினைப்பா?" என்றாள் அக்கா.

"அச்சாபீஸ்ல யாருக்குத் தெரியும்? நான் இதைத்தான் கொண்டுபோறேன்."

காகிதத்தில் சுற்றப் போனவனிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "கொடு இப்படி. பூச்சு சுருண்ட ஓரமெல்லாம் கூரா இருக்கு, தோலைக் கிழிச்சிடும்."

உப்புத்தாளை நனைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒவ்வொரு வழுக்கையின் ஓரத்தையும் தேய்க்க ஆரம்பித்தாள்.