அடியில் கார்பன்

பழிவாங்குவது கர்த்தருடைய வேலை என்று சொர்ணம் ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். அவருக்கு ஆயிரம் ஜோலி. தொண்ணூறாம் வருஷத்தில், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில், சரி, நாமும் கொஞ்சம் கை கொடுப்போம் என்று முடிவு செய்தாள்.

அவளுடைய அப்பா துலுக்கானம், கரையான்சாவடிக்குப் பின்புறம் இருந்த சபையில் முப்பது வருஷம் மணி அடித்தவர். ஞானஸ்நானத்தில் யோவான் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாயாவது அவரை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. மணி அடித்து முடித்தால் சபைச் செயலர் மாசிலாமணி வீட்டு வாசலில் தண்ணீர் கொடுப்பார்கள். அதற்கென்றே ஒரு நசுங்கிய அலுமினியத் தம்ளர் வேலியில் செருகிக் கிடக்கும்.

எண்பத்து நாலு ஐப்பசி மழையில் துலுக்கானம் செத்தார். சபையின் கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்கே ஆளுயரச் சுவர் ஒன்று உண்டு. மாசிலாமணி முன்னே நின்று கட்டியது. உள்ளே முன்வரிசைக் குடும்பங்கள். வெளியே, சாக்கடையோரம் முள்ளுப் புதருக்குள், காலனிக்காரர்கள். அங்கே தோண்டிய குழியில் இடுப்பளவு தண்ணீர். பெட்டியை இறக்கினால் மிதந்தது. இரண்டு பேர் மூங்கிலால் அழுத்திப் பிடிக்க, மற்றவர்கள் சேற்றைத் தள்ளினார்கள்.

"சுவத்துக்கு உள்ள மேடா இருக்கே ஐயா, அங்க வைக்க விடுங்க" என்று சொர்ணம் மாசிலாமணியின் காலில் விழுந்தாள்.

அவர் குடையை மடக்காமலே சொன்னார்: "ஆத்துமாவுக்கு ஏதும்மா சுவரு? ஒடம்பு எங்க கெடந்தா என்ன, மண்ணு மண்ணுதானே?"

திரும்பி வரும் வழியில் வேலியிலிருந்து அந்தத் தம்ளரை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். எதற்கு என்று அன்று அவளுக்கே தெரியாது.

இப்போது அம்மா முனியம்மாவுக்கும் மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. "என்னையும் அந்தச் சேத்துலதான் போடுவியா சொர்ணம்?" என்று தினம் ஒருதரம் கேட்பாள். "உங்க நைனா மெதந்தாரே, அத்த நெனச்சா சோறு எறங்க மாட்டேன்னுது."

அந்த நேரம் பார்த்துத்தான் பேராயர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பு மக்களுக்காக எல்லாச் சபைகளும் நாலு வியாழக்கிழமை 'இன நீதி' வகுப்பு நடத்த வேண்டும். பாடங்கள் ஆங்கிலத்தில் வந்தன. ஆவடியில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த சொர்ணத்திடம் தமிழாக்கி அடித்துத் தரும்படி பாஸ்டர் கொடுத்தார்.

மூன்று வாரம் ஒழுங்காகவே அடித்துக் கொடுத்தாள். தனி பஸ், தனி பெஞ்சு என்று பாஸ்டர் படிக்கப் படிக்க, முன்னால் நாற்காலிகளில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பின்னால் பாயில் உட்கார்ந்து காலனிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுகை அவருக்கு நன்றாக வரும். ஆப்பிரிக்கா அவ்வளவு தூரத்தில் இருந்தது.

நாலாவது வாரம் பாடத்தை எடுத்து மூலையில் போட்டுவிட்டு, சொர்ணம் தன் அப்பாவின் சாவை ஆப்பிரிக்காவில் நடந்ததுபோல் அடித்தாள். மணி அடிக்கிற வேலையைச் சாவிக்கொத்து வைத்திருக்கும் வேலை ஆக்கினாள். துலுக்கானத்தைப் பீட்டர் ஆக்கினாள். மழையையும் மூங்கிலையும் மிதந்த பெட்டியையும் அப்படியே விட்டாள். பாஸ்டர் இந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. பழைய கதை ஒன்றும் தெரியாமல் உருக்கமாகப் படித்தார். முன்வரிசையில் ஒருவருக்கும் மூக்கில் வியர்க்கவில்லை. பாயில் மட்டும் யாரோ விசும்பினார்கள்.

மாசிலாமணி எழுந்து நின்றார். "மிருகங்க! அந்தச் சுவரை இடிக்கணும்னு தீர்மானம் போட்டுப் பேராயருக்கு அனுப்புவோம்!"

தீர்மானம் ஏற்கெனவே சொர்ணத்தின் பையில் தயாராக இருந்தது. ஊர்ப் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலி.

"ஊர் பேரு வாயில நொழைய மாட்டேங்குது ஐயா. சரி பார்த்து அப்புறமா அடிச்சிடறேன்."

"ஆகட்டும். ஒண்ணு சேர்த்துக்கோ. எவன் அந்தச் சுவரைக் கட்டினானோ அவனே தன் கையால இடிக்கணும். அதுதான் நீதி."

சொர்ணம் பேனாவால் அதையும் எழுதி நீட்டினாள். "நல்லா அழுத்திப் போடுங்க ஐயா. அடியில கார்பன் கீது. மூணு காப்பி."

தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, எல்லாருக்கும் முதலில் கையெழுத்துப் போட்டார். அவரைத் தொடர்ந்து முன்வரிசை முழுக்கப் போட்டது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தாள்களை மெஷினில் ஏற்றிக் காலி இடத்தில் ஊர்ப் பெயரை அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளே எழுந்து தீர்மானத்தைப் படித்தாள்: "கரையான்சாவடி சபைக் கல்லறைச் சுவரை, அதைக் கட்டியவரே தம் கையால் இடிக்க வேண்டும்."

மாசிலாமணி முகத்தில் ஈயாடவில்லை.

"பீட்டரும் இல்ல, ஆப்பிரிக்காவும் இல்ல. அது எங்க நைனா. உங்களுக்கு மணி அடிச்சவரு. நீங்க அழுதீங்களே, அது அவருக்குத்தான்."

அவர் பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கிச் சுக்கு நூறாகக் கிழித்தார். பாஸ்டர் தடுக்கவில்லை.

"கிழிங்க ஐயா. ரெண்டாங் காப்பி வெள்ளிக்கெழமையே பேராயருக்குப் போயிடுச்சி. மூணாவது எங்க ஊட்ல பத்திரமா கீது."

அடுத்த மாதம் பேராயத் தேர்தலில் மாசிலாமணி நிற்பதாக இருந்தது. அதற்குள் பேராயரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. இந்தத் துணிச்சலான சபையைக் காண, சுவரைக் கட்டியவரே மனந்திரும்பி இடிப்பதைப் பார்க்க, சனிக்கிழமை நேரில் வருகிறாராம். மாசிலாமணி இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்தார். மூன்றாம் நாள் கடப்பாரையோடு வந்து நின்றார்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. சொர்ணம் அம்மாவை ரிக்‌ஷாவில் அழைத்து வந்து, சுவருக்கு வெளியே அப்பா கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். ஒவ்வொரு செங்கல்லும் விழ விழ சொர்ணத்துக்கு வயிறு குளிர்ந்தது. இதற்கு வெட்கப்பட வேண்டுமோ என்று ஒருதரம் யோசித்தாள். வெட்கம் வரவில்லை.

பத்துப் பதினைந்து கல்லுக்குள் மாசிலாமணியின் உள்ளங்கை கொப்புளித்தது. "தண்ணி..." என்றார், யாரையும் பார்க்காமல்.

சொர்ணம் குடத்திலிருந்து மொண்டு நீட்டினாள். வாங்கப் போன கை பாதியில் நின்றது. நசுங்கிய அலுமினியத் தம்ளர். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். பத்தடி தூரத்தில் பேராயர் கனிவோடு புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"தம்ளரு எதுவா இருந்தா இன்னா ஐயா?" என்றாள் சொர்ணம். "தண்ணி தண்ணிதானே?"

அவர் குடித்தார். வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அவள் தம்ளரை வாங்கி மறுபடி நிரப்பினாள். "இன்னும் முக்கால்வாசி செவுரு கீது."